இறக்கத்தைப் பார்த்து வண்டி எடுங்கள்

மாத்தளை மலைகளுக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வரும் உறவுகளுக்கு,



பாடசாலை விடுமுறை தொடங்கினால் ரத்தோட்டைக் கடைத்தெருவுக்கு அது உடனே தெரிந்துவிடும். கொழும்பு, வத்தளைப் பக்கத்து வேன்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வந்தவை, மட்டக்களப்பிலிருந்து தம்புள்ளை வழியாக வந்தவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கூரையில் கூடாரமும் பாய் தலையணையும் கட்டியிருக்கும். பிள்ளைகள் ஜன்னலால் தலையை நீட்டி மலையைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் பாணும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கிக்கொண்டு, ரிவர்ஸ்டனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். இந்த வண்டி அந்தப் பாதைக்குத் தாங்குமா என்று விசாரிப்பவர்கள் குறைவு. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. திறந்த பிறகு வந்திறங்கும் புதிய வண்டிகளில் வரி மட்டுமே பெருந்தொகை. ஆகவே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு, ‘கேம்பிங் போக ஒரு ஜீப் எடுப்போமா’ என்பது காணி வாங்குவதற்கு நிகரான யோசனை. பெரும்பாலானோர் இரண்டாவது வழிக்குத்தான் வருகிறார்கள்: வீட்டில் இருக்கும் வேனையே மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது. அது நல்ல முடிவுதான். ஆனால் கராஜில் போய் நின்றதும் பேச்சு பெரிய டயர், ஸ்பிரிங் உயர்த்துவது, கூரை ராக், முன்னால் நீளமான எல்.ஈ.டி. விளக்கு என்றுதான் தொடங்குகிறது. பிரேக் அந்தப் பட்டியலின் கடைசியில் வருகிறது. சில பட்டியல்களில் வருவதே இல்லை.

மாத்தளைக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

பாதையைப் பாருங்கள். மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ரத்தோட்டை தாண்டியதும் வீதி தேயிலைக்கும் மிளகுக்கும் கராம்புக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். மாத்தளையிலிருந்து சுமார் முப்பது கிலோமீற்றரில் ரிவர்ஸ்டன் கணவாய்க்குப் போய்ச் சேரும்போது வண்டி ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயர்ந்திருக்கும். அங்கிருந்து மறுபக்கம் பிட்டவல பத்தனையையும் இலுக்கும்புரவையும் கடந்து லக்கலைப் பக்கம் விழுகிற இறக்கம். வீதி குறுகல். எதிரில் பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் வழிவிட வேண்டும். மூடுபனி இறங்கினால் அடுத்த வளைவே தெரியாது. ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கினால் நிறுத்தலாம், ஆறவிடலாம், பிறகு ஏறலாம். அது அவமானமும் இல்லை, ஆபத்தும் இல்லை. இறங்கும்போது நிற்காவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களும் சாமான்களுமாக 2,000 கிலோ எடையுள்ள ஒரு வேன் ஆயிரம் மீற்றர் கீழே இறங்கினால், அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாக வெளியேற வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் 60 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. குறைந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் எடுத்துக்கொள்ளும். டொப் கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அத்தனையும் நான்கு சில்லுகளுக்குள் இருக்கும் தட்டுகளுக்கும் லைனர்களுக்கும் போகும்.

அங்கேதான் பிரேக் எண்ணெயின் கதை வருகிறது. பொனட்டைத் திறந்தால் சாரதிப் பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் இருக்கும். புதிய எண்ணெய் வெளிறிய தேன் நிறத்தில், அடி தெரிகிற மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் மாற்றாதது கறுத்த தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டொட் 3 தரத்துப் புதிய எண்ணெய் 205 பாகைக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், மிதி காலடியில் பஞ்சுபோல அமுங்கிக் கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த எண்ணெயை முழுதாக வெளியேற்றி மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு எல்.ஈ.டி. விளக்கின் விலைக்குப் பக்கத்திலும் வராது. மலைக்கு வரும் வேனுக்கு முதல் மாற்றம் இதுதான்: டொட் 4 எண்ணெய், நல்ல பேட், முறையாக வட்டம் பார்த்துச் சீவிய அல்லது புதிய டிஸ்க், பின் டிரம்முக்குப் புதிய லைனர்.

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா முடிந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அவர்களும் உல்லாசமாகப் பயணம் புறப்பட்டவர்கள்தான். மலைநாட்டில் திரும்பும் பயணம் பெரும்பாலும் இறக்கம். சாரதி களைத்திருக்கும் நேரமும் அதுவே.

ஸ்பிரிங் உயர்த்தும் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பாஸ்மார்கூட இதைத் தவறவிடுவதுண்டு. ஹயேஸ் போன்ற வேன்களிலும் பல டபுள் கெப்களிலும் பின் எக்ஸிலுக்கு மேலே, சேசிஸோடு பொருத்திய ஒரு சிறிய வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எக்ஸிலுக்குப் போகும். வண்டியில் பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், அந்தக் கம்பி வால்வைத் தள்ளிப் பின் சில்லுகளுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் கொடுக்கும். வெறும் வண்டி உயர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும், பின் சில்லு பூட்டிச் சறுக்காமல் இருப்பதற்காக. இப்போது பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் என்ன ஆகும்? எட்டுப் பேரும் சாமானும் ஏறிய பிறகும் வண்டி உயர்ந்தே நிற்கும். வால்வு அதை வெறும் வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பாரம் கூடிய நேரத்தில் பின் பிரேக் குறைந்துவிடும். வண்டியைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கம்பியின் அளவையும் திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேக் குழாய்களின் நீளம் போதுமா என்றும் சில்லு தொங்கும் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையில் ரிவர்ஸ்டனுக்கோ சேர எல்லவுக்கோ மொறகஹகந்த நீர்த்தேக்கத்தின் ஓரத்துக்கோ போக வண்டியைத் தூக்கத் தேவையே இல்லை. சோர்ந்துபோன ஷொக் அப்சோபர்களை மாற்றினாலே அடிதட்டுவது வெகுவாகக் குறையும். கல்பாதையில் போகும் எண்ணம் இருந்தால் என்ஜின் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு நல்ல காவல். அதில் காற்றுப் போகவும் எண்ணெய் மாற்றவும் துளை விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டயருக்குப் பெரிய வண்டிச் சாஸ்திரம் தேவையில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து வாசிக்கத் தெரிந்தால் போதும். டயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் வார்த்த டயர். பட்டன் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று பத்து வருடத்து டயரில் பிள்ளைகளை மலைக்கு ஏற்ற வேண்டாம். றப்பர் இறுகிப்போனால் ஈரமான தாரில் பிடிப்பு இருக்காது. அதேபோல, வேனுக்கு வேன் டயர்தான் போட வேண்டும். சவாரி மென்மையாக இருக்கிறது என்று கார் டயரைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பக்கச் சுவரில் பார இலக்கமும் பிளை எண்ணிக்கையும் பொறித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. முன்னிருந்த டயரின் இலக்கத்தைவிடக் குறைந்ததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது. ரீபில்ட் டயரும் மலைக்கு வேண்டாம்.

பெரிய பட்டன் வைத்த சேற்று டயருக்குப் பலர் ஆசைப்படுகிறார்கள். மாத்தளைக்கு வருபவர் ஓட்டும் தூரத்தில் மிகப் பெரும்பகுதி தார் வீதி, அதுவும் மழையில் நனைந்த தார் வீதி. அங்கே சேற்று டயரின் பிடிப்பு சாதாரண டயரைவிடக் குறைவு. எல்லாத் தரைக்குமான டயர் என்று விற்கும் ஏ.டி. வகை போதும். அளவை மாற்றாதீர்கள். விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் என்ஜின் திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

அடுத்தது பாரம். ஜப்பானின் சிறு வாகன விதிப்படி செய்த சுசுகி எவ்ரி, நிசான் கிளிப்பர் வேன்கள் நம் ஊரில் ஏராளம். 660 சீசீ என்ஜின், நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். ஜப்பானியர்கள் இதே வண்டியில் பின் இருக்கையை மடித்துப் பாய் விரித்துத் தூங்கியபடி நாடு முழுவதும் சுற்றுகிறார்கள். அப்படிப் போவது பெரும்பாலும் ஒருவர், அல்லது கணவனும் மனைவியுமாக இருவர். அந்த வகைச் சரக்கு வேன் ஏற்றக்கூடிய உச்சப் பாரம் 350 கிலோ. நாலு பேர் ஏறினால் சாமானுக்கு விடுவது அதைவிடக் குறைவு. குறுகிய வளைவுகளில் இதைப் போல வசதியான வண்டி இல்லை, திரும்புவதும் சுலபம். ஆனால் அதன் கூரைமேல் கட்டில்போல ராக் அடித்து, அதில் கூடாரம், தண்ணீர்க் கான், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றினால் வளைவில் வண்டி சாய்வது உள்ளே இருப்பவருக்கே தெரியும்.

பெரிய பெயருள்ள ஜீப்பிலும் இதே சிக்கல் உண்டு. 2018 இல் வந்த புதிய ஜிம்னி, கல்பாதைக்கென்றே பிறந்த வண்டி: தனிச் சேசிஸ், தரையிலிருந்து 210 மில்லிமீற்றர் உயரம், உண்மையான நான்கு சில்லு இழுவை. அதன் கூரை ஓடும்போது தாங்கக்கூடியது 30 கிலோ என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். கூரைமேல் விரிக்கும் கூடாரம் ஒன்று பெரும்பாலும் ஐம்பது கிலோவைத் தாண்டும். ஜிம்னியின் தலையில் அந்தக் கூடாரத்தைப் படமெடுத்துப் போடுபவர்களைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பாரமானது எல்லாம் வண்டிக்குள், தரையோடு, இரண்டு எக்ஸில்களுக்கும் நடுவே இருக்கட்டும். கூரைக்குப் பாயும் தலையணையும் காலிப் பெட்டியும் போகலாம்.

தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்து பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்தால் இரண்டு நாளைக்கு ஐம்பது கிலோ. மாத்தளையிலிருந்தே அதைச் சுமந்துகொண்டு ஏறுவதைவிட, முகாமிடும் இடத்துக்கு முன்னால் உள்ள கடைசிக் கடையில் போத்தல் வாங்குவது வண்டிக்கும் நல்லது, அந்தக் கடைக்காரருக்கும் நல்லது.

சரி, எந்த வண்டி? ஏற்கெனவே டொல்பின் வேனோ டவுன்ஏஸோ வீட்டில் நிற்கிறதென்றால் அதை விற்க வேண்டாம். பழைய டீசல் என்ஜின், கையால் மாற்றும் கியர், எந்த ஊர்க் கராஜிலும் கிடைக்கும் உதிரிப் பாகம் – நாவுலையில் பழுதானாலும் நாவுலையிலேயே திருத்தலாம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டரை உள்ளே கழுவி, குழாய்களை மாற்றி, ஃபேன் கிளச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டால் ஏற்றமும் ஒரு பிரச்சினை இல்லை. நான்கு சில்லு இழுவை வேண்டும், ஆனால் குடும்பத்துக்கு வேன்தான் வசதி என்பவர்களுக்கு மிட்சுபிஷி டெலிகா இருக்கிறது. 1982 இலேயே பஜேரோவின் பாகங்களை வைத்து நான்கு சில்லு இழுவையோடு அதைச் செய்துவிட்டார்கள். உயரம் கூடிய அந்தப் பழைய டெலிகாக்கள் இன்னும் ஓடுகின்றன. வாங்குமுன் என்ஜின் சூடாகும் வரலாறு உண்டா என்றும், முன் எக்ஸில் உண்மையிலேயே இழுக்கிறதா அல்லது யாராவது கழற்றிவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும்.

ஹைபிரிட் கார்க்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அக்குவா, பிரியஸ் வண்டிகளில் பெரிய பற்றரியைக் குளிராக வைக்கும் காற்று, பின் இருக்கைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய வலைத் துவாரத்தால்தான் உள்ளே போகிறது. முகாமுக்குப் போகும்போது போர்வை, உடுப்புப் பை எல்லாம் அந்த இடத்தில்தான் குவியும். துவாரம் அடைபட்டால் ஏற்றத்தில் பற்றரி சூடாகும். இறக்கத்தில் கியரை ‘B’ நிலையில் போடுங்கள். தானியங்கி இரட்டைக் கிளச் பூட்டிய வண்டிகளை ஏற்றத்தில் எக்ஸிலேட்டரால் பிடித்து நிறுத்த வேண்டாம், பிரேக்கால் நிறுத்துங்கள், கிளச் வெந்துவிடும்.

வருடத்தில் இரண்டு தடவை வருவதற்காக மட்டும் ஜீப் வாங்க நினைப்பவர்களுக்கு இந்த மடலின் அபிப்பிராயம் வெளிப்படையானது: வாங்க வேண்டாம். காரை மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, அந்தப் பாதையில் தினமும் ஓடும் உள்ளூர்ச் சாரதியின் வேனையோ ஜீப்பையோ வாடகைக்கு எடுங்கள். எந்த வளைவில் பஸ் எந்நேரம் வரும், எந்த ஓடையில் மழைக்குப் பிறகு தண்ணீர் எப்போது வடியும் என்பது அவருக்குத் தெரியும்.

இனி, பாதையை விட்டு இறங்கும் ஆசை. பெரிய டயர் போட்டவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000 ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. அங்கே வண்டி போகலாம் என்றால் வீதியில் போகலாம், அவ்வளவுதான். முகாமிட வன பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இலுக்கும்புரவில் அவர்களுடைய நிலையம் இருக்கிறது. பிட்டவல பத்தனையில் நின்று பாருங்கள். புல்வெளி என்று தெரிவது பாறைமேல் படிந்த மிக மெல்லிய மண். அந்தப் பாறைகளில் தண்ணீர் கசியும் இடங்களில்தான், நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாறைத் தவளை இனம் ஒன்று வாழ்கிறது. மலையின் மேற்பகுதிக் காடுகளில் இலைபோன்ற மூக்குள்ள ஓணான் இருக்கிறது. அதுவும் நக்கிள்ஸுக்கு மட்டுமே சொந்தம். ஒரு ஜீப் அந்தப் புல்லில் ஒருமுறை வட்டமடித்தால், அடுத்த மழை அந்தத் தடத்தை வாய்க்காலாக்கி மண்ணை அடித்துப்போகும். மண் போனால் மிஞ்சுவது பாறை.

வறண்ட மாதங்களில், குறிப்பாக ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, மலையின் மானாப் புற்கள் காய்ந்து கிடக்கும். காற்றும் பலமாக அடிக்கும். ஓடிவந்த பெற்றோல் வண்டியின் புகைக்குழாயில் உள்ள கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் பல நூறு பாகை சூட்டில் இருக்கும். முழங்கால் உயரக் காய்ந்த புல்லுக்கு மேல் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால் தீக்குச்சியே தேவையில்லை. நிறுத்துவது கல் அல்லது வெறும் மண் தரையில் இருக்கட்டும்.

வஸ்கமுவ பக்கம் போகிறவர்களுக்கு வேறு கவனம். 1984 இல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டுக்குள் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில், முன்கூட்டியே பதிவுசெய்துதான் தங்க முடியும். பூங்காவுக்கு வெளியேயும், ஹத்தொட்ட அமுனையிலிருந்து மொறகஹகந்த வரை, யானை நடமாட்டம் உள்ள பூமி. குளக்கரை அழகாக இருக்கிறது என்று யானை தண்ணீருக்கு வரும் வழியில் கூடாரம் அடிக்காதீர்கள். பழமோ அரிசியோ உப்போ கூடாரத்துக்குள் இருந்தால் யானை மணம் பிடித்து வரும். கூரைமேல் கூடாரமும் யானைக்கு எட்டாத உயரம் அல்ல.

சட்டத்தின் பக்கம். என்ஜின், எரிபொருள் வகை, உடல் அமைப்பு, இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 நடுப்பகுதியிலிருந்து, அனுமதியில்லாத விளக்குகளையும் மேலதிகப் பாகங்களையும் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தீவிரமாக்கினார்கள். அபராதத்தை விடுங்கள். ரத்தோட்டை ஏற்றத்தில் எதிரே இறங்கி வரும் பஸ் சாரதியின் கண்ணில் அந்த நீண்ட விளக்கு அடிப்பதை நினைத்துப் பாருங்கள். விபத்தொன்று நடந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் கேட்பது, சொல்லாமல் என்ன மாற்றினீர்கள் என்றுதான்.

இருக்கையைக் கழற்றிப் படுக்கை போடுபவர்கள், வண்டி ஓடும்போது அதில் யாரையும் படுக்க வைக்க வேண்டாம். ஆசனப் பட்டி இல்லாத இடத்தில் பிள்ளை இருக்கக் கூடாது. பின்னால் அடுக்கிய காஸ் சிலிண்டரும் அடுப்பும் தண்ணீர்க் கானும் சடுதியாகப் பிரேக் பிடித்தால் பிள்ளைகளின் பின்னந்தலைக்குத்தான் வரும். தரையில் நான்கு கொக்கி பற்றவைத்து, வார்ப்பட்டியால் இழுத்துக் கட்டுங்கள். மாற்றங்களிலேயே மிக மலிவானது இது, பயனும் பெரியது.

குளிர்சாதனப் பெட்டியும் இரண்டாவது பற்றரியும் இப்போது நாகரிகமாகிவிட்டன. சிறிய கொம்பிரசர் பெட்டி ஒன்று 45 வொட் எடுத்து, பாதி நேரம் ஓடுகிறது என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 அம்பியர்-மணி தின்னும். 100 அம்பியர்-மணி சாதாரண ஈயப் பற்றரியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது அதில் பாதி. அதாவது ஒரு நாள். இரண்டு இரவுப் பயணத்துக்கு ரெஜிஃபோம் பெட்டியும் ஐஸ் கட்டியும் போதும். இல்லை, போட்டே ஆக வேண்டும் என்றால் பற்றரியின் முனையருகிலேயே ஃபியூஸ் வையுங்கள், தடித்த வயர் போடுங்கள். கம்பளத்துக்குக் கீழே உரசி வெந்த வயரிலிருந்துதான் வேன் தீப்பிடிக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: மூடிய வண்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது, என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. ரிவர்ஸ்டன் பக்கம் இரவில் குளிர் நடுக்கும். மழையும் அட்டையும் சேர்ந்தால் வெளியே சமைக்க மனம் வராது. அப்போதுதான் இந்த யோசனை வரும். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, மூச்சை அடைக்கவும் செய்யாது. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னலை இரண்டு பக்கமும் இரண்டு விரல் இறக்கி, நுளம்பு வலை ஒட்டிக்கொண்டு தடித்த போர்வையில் படுங்கள். சமையல் வெளியே, தார்ப்பாய் நிழலில்.

மழைக் காலத்தில் வண்டியின் திறமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாத்தளையின் கிழக்குச் சரிவுகளுக்குக் கனமழைக் காலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், மாத்தளையும் தப்பவில்லை. அந்தச் சரிவுகளுக்கு முன்னால் ஜீப்பும் ஒன்றுதான், ஓட்டோவும் ஒன்றுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முற்பணம் போனாலும் பரவாயில்லை. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் நில்லுங்கள். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். தெல்கமு ஓயாவில் பிள்ளைகள் குளிக்கும்போது மேலே மலையில் இருட்டிக்கொண்டு வந்தால், இங்கே வெயில் அடித்தாலும் கரையேற்றுங்கள். வண்டியை அந்த ஓடையில் கழுவ வேண்டாம். கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் பாவிக்கிறார்கள்.

சேற்றில் புதைந்தால் கயிறு கட்டி இழுப்பார்கள். ஜப்பானிய வண்டிகளின் அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும். அவற்றில் பல, கப்பலில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்கப் போட்டவை. இழுத்தால் பிய்ந்து, கயிற்றோடு பறந்து வந்து ஆளை அடிக்கும். உண்மையான இழுவைக் கொக்கி எது என்று வண்டியின் கையேட்டைப் பார்த்து, சிவப்பு மை பூசி வைத்துக்கொள்ளுங்கள். ஜக்குக்கு அடியில் வைக்க அகலமான பலகை, காற்றடிக்கும் சிறிய பம்பு, டயர் அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு மண்வெட்டி, உண்மையிலேயே காற்று உள்ள ஸ்பெயார் டயர், இவை இருந்தால் போதும். பல இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞை இல்லை. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமும், இலுக்கும்புர நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

புறப்படும் நாளில் வண்டியைச் சோதிக்க வழியிலேயே ஓர் இடம் இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து வருபவர்கள் அலவத்துகொடை தாண்டியதும் பலகடுவக் கணவாயில் ஏறி மாத்தளைக்கு இறங்க வேண்டும். எல்லோரும் ஏறிய, எல்லாச் சாமானும் கட்டிய வண்டியை அதில் ஏற்றி, குறைந்த கியரில் இறக்குங்கள். மாத்தளை நகருக்குள் வந்ததும் வீதியோரம் நிறுத்தி, நான்கு சில்லுகளுக்கும் பக்கத்தில் போய் நில்லுங்கள். கையை வைக்க வேண்டாம், மூக்கை மட்டும் கிட்டக் கொண்டுபோங்கள். கருகிய மணம் வந்தால், அல்லது மிதி முன்னைவிட ஆழமாகப் போனால், அன்றைக்கு ரத்தோட்டைக்கு ஏறாதீர்கள். மாத்தளையில் கராஜ்களுக்குக் குறைவில்லை. அன்றிரவு நகரத்தில் தங்கி, காலையில் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிய மத்தியானமாகும் என்றால், ரத்தோட்டைச் சாரதி ஒருவரைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
மாத்தளையிலிருந்து